புலியைச் சுட்டவர், புலியைப் படம் பிடித்தவர்

ஜிம் கார்பெட்னு சொன்னாலே நமக்கு ஞாபகம் வர்றது துப்பாக்கிதான். 1875-ல் நைனிடாலில் பிறந்தவர். 436 பேரைக் கொன்றதாகச் சொல்லப்பட்ட சம்பாவத் பெண்புலியை 1907-ல் சுட்டு வீழ்த்தினார்.

செத்துக் கிடந்த புலியின் வாயைத் திறந்து பார்த்தால், வலப்பக்கக் கோரைப்பற்கள் இரண்டும் உடைந்திருந்தன. எப்போதோ யாரோ சுட்ட குண்டு செய்த வேலை! இரையைப் பிடிக்க முடியாமல்தான் அது மனிதர்களிடம் வந்தது. அப்போ தப்பு யார் மேல?

பின்னாளில் சாம்பியன் என்ற வன அதிகாரி எடுத்த புலிப் படங்கள் கார்பெட்டைக் கேமரா பக்கம் இழுத்தன. துப்பாக்கியை விடக் கேமராவே அவருக்குப் பிடித்துப்போனது.

அதுல ஒரு சிக்கல். மூவி கேமரா ஓடுற சத்தம் கேட்டாலே புலி ஓடிடும். கார்பெட் என்ன செஞ்சார் தெரியுமா? காட்டு ஓடையில் அணை போட்டு, குட்டிக் குட்டி அருவிகளை உண்டாக்கினார். தண்ணீர் விழும் சத்தத்தில் கேமரா சத்தம் அமுங்கிப்போச்சு! மாதக்கணக்கில் பொறுமையாகக் காத்திருந்து, ஏழு புலிகளைப் பகல் வெளிச்சத்திலேயே படம் பிடித்தார்.

இந்தியாவின் முதல் தேசியப் பூங்கா 1936-ல் உருவானதில் அவருக்குப் பெரும் பங்கு உண்டு. 1955-ல் கென்யாவில் மறைந்தார். இரண்டே வருடத்தில் அந்தப் பூங்காவுக்கு அவர் பெயரையே வைத்தார்கள். 1973-ல் புலிகள் பாதுகாப்புத் திட்டம் தொடங்கியதும் அங்கேதான்.

அதைப் பார்க்கத்தான் அவர் இல்லை. புலிகள் இருக்கு!