காலா அசாருக்கு மருந்து கண்ட உபேந்திரநாத் பிரம்மச்சாரி

வங்காளம், அசாம், பீகார் கிராமங்களில் ஒரு காலத்தில் பேரழிவை விளைவித்தது காலா அசார் எனும் கருங்காய்ச்சல். நீடித்த காய்ச்சலும் வீங்கிய மண்ணீரலும் மலேரியாவுக்கும் உரிய அறிகுறிகள் என்பதால், கொய்னா கொடுத்தும் குணமாகாமல் நோயாளிகள் மடிந்தனர்.

இந்நோய்க்கு மருந்து கண்டவர் உபேந்திரநாத் பிரம்மச்சாரி. 1873-ல் ரயில்வே மருத்துவரின் மகனாகப் பிறந்தார். கணிதமும் வேதியியலும் கற்ற பின்னரே மருத்துவம் பயின்றார். கல்கத்தா கேம்ப்பெல் மருத்துவப் பள்ளியில் அவருக்குக் கிடைத்த சிற்றறையில் மின்சாரமோ குழாய்த் தண்ணீரோ இல்லை. அங்கேதான் 1920-ல் யூரியா ஸ்டிபமைன் உருவானது. மாதக்கணக்கில் நீண்ட சிகிச்சை சில வாரங்களாகச் சுருங்கியது.

ஆயினும் அவரது மருத்துவக் கூர்மைக்குச் சிறந்த சான்று 1922-ல் அவர் வெளியிட்ட கண்டறிதலே. குணமடைந்ததாகக் கருதப்பட்ட சிலரின் தோலில் திட்டுகளும் முடிச்சுகளும் தோன்றின. தொழுநோய் என மயங்கத்தக்க அவற்றில் கருங்காய்ச்சலின் ஒட்டுண்ணியே இருப்பதை அவர் காட்டினார். காய்ச்சல் நின்றதை மட்டும் கொண்டு நோய் நீங்கியதாக முடிவு செய்ய இயலாது என்பது தெளிவாயிற்று. இத்தகையோரிடமிருந்து நோய் மீண்டும் பரவக்கூடும் என்பதால், சிகிச்சை முடிந்தவர்களைக் கண்காணிப்பது இன்றும் ஒழிப்புத் திட்டத்தின் முக்கியப் பணியாக உள்ளது.

நோபல் பரிசுக்குப் பரிந்துரைக்கப்பட்டும் அது அவருக்குக் கிட்டவில்லை. 1934-ல் சர் பட்டம் பெற்ற அவர், 1946 பிப்ரவரி 6-ல் காலமானார்.