அளவு நாடாவுக்கு முன் வீட்டைப் பார்த்தவர்

நமது நாட்டின் நகரங்களில் வீடு கட்டுவோர் வரைபடத்துக்கு உள்ளூராட்சி மன்றத்தின் அங்கீகாரத்தைப் பெற வேண்டும் என்ற நியதி, 1915ஆம் ஆண்டின் வீடமைப்பு, நகர அபிவிருத்திக் கட்டளைச் சட்டத்தோடு வேரூன்றியது. அதே ஆண்டில், நகரங்களை எவ்வாறு சீர்செய்ய வேண்டும் என்பதில் மாறுபட்ட பாடமொன்றைச் சென்னை மாகாணத்தில் புகட்டிக் கொண்டிருந்தார் ஸ்கொட்லாந்துக்காரரான பற்றிக் கெடிஸ்.

1854இல் பிறந்த அவர் உயிரியல் கற்றவர். மெக்சிக்கோவில் ஆய்வு செய்தபோது சில காலம் பார்வையை இழந்தார். பின்னர் அவரது நாட்டம் நகரங்களின் பக்கம் திரும்பிற்று. எடின்பரோவின் பாழடைந்த பழைய குடியிருப்பொன்றில் மனைவி அன்னாவுடன் குடியேறி, அயலவரைச் சேர்த்துக் கொண்டு அதனைத் திருத்தினார்.

1914இல் அவரது நகரக் கண்காட்சிப் பொருட்களை ஏற்றி வந்த கப்பலை எம்டன் மூழ்கடித்தது. (சென்னை மீது குண்டு வீசிய அதே எம்டன்தான்.) அவரோ புதிதாகப் பொருட்களைத் திரட்டி 1915இல் சென்னையில் கண்காட்சியைத் திறந்தார். தஞ்சாவூரில் நெருக்கமான குடியிருப்புகளை ஊடறுத்து நேர்த்தெரு அமைக்க அதிகாரிகள் எண்ணியிருந்தனர். அவர் வீடுவீடாகப் பார்த்து, இடிந்தவற்றை மாத்திரம் அகற்றி, மரங்களையும் முற்றங்களையும் காக்கச் சொன்னார். செலவும் வெகுவாகக் குறைந்தது. பிளேக் பரவிய இந்தூரிலே அவர் தண்டத்தை நம்பவில்லை. தீபாவளி ஊர்வலம் துப்புரவான தெருக்களினூடாகவே செல்லும் என அறிவிக்கச் செய்தார். மக்கள் தாமாகவே தெருக்களைத் துப்புரவாக்கினர்.

1917இல் மூத்த மகனைப் போரிலும், அடுத்த சில வாரங்களில் அன்னாவை நோயிலும் இழந்தார். ஆயினும் பணியை விடவில்லை. 1921இல் கொழும்புக்கான திட்ட அறிக்கையைச் சமர்ப்பித்தார். 1925இல் தெல் அவிவுக்கும் திட்டம் வரைந்தார். பலஸ்தீனத்தில் பின்னர் நிகழ்ந்தவற்றை அறிந்த நாம் இதனை மனச்சங்கடத்துடனேயே குறிப்பிடுகிறோம். 1932இல் காலமானார்.

2004 ஆழிப்பேரலையின் பின்னர், கிழக்கில் கடலிலிருந்து 200 மீற்றருக்குள் வீடு கட்டலாகாது என விதிக்கப்பட்டு, பிற்பாடு தளர்த்தப்பட்டது. கல்முனைக்குடியின் நிலையோ வேறு. ஒருபுறம் கடல், மறுபுறம் வயல். இடைப்பட்ட ஒடுங்கிய நிலத்திலேதான் ஊர் முழுவதும் இருக்கிறது. பெண்பிள்ளைக்கு வீடு கொடுத்தே மணமுடிக்கும் வழக்கத்தால், தாயின் வளவு மகள்மாருக்குத் துண்டுதுண்டாகப் பிரிகிறது. ஓரடி வளவும் அங்கே ஒரு குமரின் வாழ்வு. கிணற்றடி மறைப்பும் வேலியும் பெண்களின் மானத்தோடு சேர்ந்தவை. இவை எந்த வரைபடத்திலும் தெரிவதில்லை.

கெடிஸ் இங்கு வந்திருந்தால் அளவு நாடாவை விரிக்குமுன் இவ்வேலிகளுக்குள் வாழ்வோரிடம்தான் பேசியிருப்பார். கரையோர எல்லையும் குறைந்தபட்சக் காணி அளவும் இனித் தீர்மானிக்கப்படும் வேளைகளில், திட்டமிடற் குழுவில் இவ்வூர்ப் பெண்களுக்கும் ஆசனம் ஒதுக்கப்பட வேண்டும் என நாம் கோருகிறோம்.