கண்ணுக்குத் தெரியாத முடிச்சு

(மூன்றாம் ஆண்டு, இயற்பியல்)

பிள்ளையார்பாளையத்தில் எங்கள் வீட்டில் தறிச் சத்தம் ஓய்ந்த பிறகுதான் எனக்குப் படிப்பு. சேலையின் உடல் முடிந்து, முந்திக்கு வேறு நிறப் பாவைச் சேர்க்கும் 'பெட்னி' வேலையை அப்பா செய்யும்போது அருகில் அமர்ந்திருப்பேன். ஒவ்வோர் இழையாகப் பிணைக்க வேண்டும். பிணைப்பு பிசகினால் சேலை கெட்டது.

அண்ணன் தறியை விட்டு ஒரு பட்டறையில் வெல்டிங் வேலைக்குப் போனார். சென்ற ஆண்டு அலுமினியத்தையும் மக்னீசியத்தையும் சேர்த்துப் பற்றவைத்தார். பார்வைக்கு அழகாயிருந்த இணைப்பு, தட்டியதும் பீங்கான்போல் உடைந்தது. கைவாகு போதாதென்று ஏச்சு வாங்கி வந்தார். காரணம் தேடப்போன இடத்தில்தான் ஆல்ஃபிரெட் வில்ம் எனக்கு அறிமுகமானார்.

1869இல் ஜெர்மனியின் சைலீசியாவில் பிறந்த வில்ம், வேதியியல் பயின்று 1901இல் பெர்லினுக்கு அருகிலுள்ள ஆய்வுக்கூடம் ஒன்றில் சேர்ந்தார். தோட்டாக் கூடுகளுக்குப் பித்தளைக்கு மாற்றாக உறுதியான அலுமினியக் கலவை காண்பதே அவருக்கிட்ட பணி. 1906இல், சுமார் 4 சதவீதம் செம்பும் அரை சதவீதம் மக்னீசியமும் கலந்த அலுமினியத்தைக் காய்ச்சி நீரில் தோய்த்து, ஒரு சனிக்கிழமை அதன் கடினத்தை அளந்து வைத்தார்கள். திங்களன்று அளந்தால் கடினம் கூடியிருந்தது! வில்ம் நுண்நோக்கியில் பார்த்தார். மாற்றம் எதுவும் தென்படவில்லை.

டியூரன் நகரத் தொழிற்சாலை அதை 'டியூராலுமின்' என விற்றது. செப்பலின் வான்கப்பல்களுக்கு அதுவே எலும்பாயிற்று. வில்மோ 1919இல் ஆய்வைத் துறந்து உழவரானார்; 1937இல் மறைந்தார். மறு ஆண்டே பிரான்சில் கினியேயும் இங்கிலாந்தில் பிரெஸ்டனும் தனித்தனியே, எக்ஸ் கதிர்களின் துணையால் உண்மையைக் கண்டனர். செம்பு அணுக்கள் மிக நுண்ணிய தகடுகளாய்த் திரண்டதே அந்த வலிமைக்குக் காரணம்.

அந்த உலோகத்தைப் பற்றவைத்தால் வெப்பத்தில் அந்நுண்ணமைப்பு குலைந்து வலிமை குன்றும். ஆகவேதான் விமான உடல்களை ரிவெட் அடித்து இணைத்தார்கள். அலுமினியமும் மக்னீசியமும் உருகிக் கலந்தாலோ, இடையே எளிதில் நொறுங்கும் சேர்மங்கள் படலமாகப் படிகின்றன. 1991இல் இங்கிலாந்தில், உலோகத்தை உருக்காமல் சுழல் உராய்வால் இணைக்கும் முறை பிறந்தது. அதனால் அப்படலத்தை மெலிதாக்க முடிகிறது. முற்றும் ஒழிக்க முடியவில்லை.

குறை உங்கள் கையிலன்று, அந்தப் படலத்தில்தான் என்று அண்ணனுக்குப் படம் வரைந்து காட்டினேன். அப்பாவும் பெட்னி இழைகளை விரலால் தடவியபடி கேட்டுக்கொண்டிருந்தார். வில்ம் காணாமலே போனதைக் காணும் கருவிகள் இன்று நமக்கு உண்டு. நண்பர்களே, உடைந்த இணைப்பைக் கண்டால் கையைப் பழிக்குமுன் உள்ளே பார்ப்போம்.