மண்டையோட்டுப் படையில் ஒரு கத்தோலிக்க மகன்

அவுஸ்விட்ஸ் வதைமுகாம் என்றதும் நம் குடும்பங்களுக்குப் புனித மக்சிமிலியன் கொல்பேயின் பெயரே நினைவுக்கு வரும். 1941 ஆகஸ்ட் 14ஆந் திகதி அவர் அங்கே விஷ ஊசி ஏற்றிக் கொல்லப்பட்டபோது அம்முகாமின் தலைவனாயிருந்தவன் றுடோல்ப் ஹோஸ். (ஹிட்லரின் உதவித் தலைவன் றுடோல்ப் ஹெஸ் வேறு ஆள்.) புனிதரின் சரித்திரத்தைப் பலமுறை படித்திருக்கிறோம். இவனுடையதையும் ஒருமுறை அறிந்திருத்தல் நன்று. இவனும் ஞானஸ்நானம் பெற்ற கத்தோலிக்கனே.

ஜேர்மனியின் பாடன்-பாடன் நகரிற் பிறந்த இவனைக் குருவானவராக்குவதென்று தந்தை நேர்ந்திருந்தார். ஐன்சீடல்ன், லூர்து முதலிய திருத்தலங்களுக்கு மகனைக் கையோடு அழைத்துச் சென்றார். பெரியோர் சொல்வதற்கு மறுபேச்சின்றிக் கீழ்ப்படிவதே அவ்வீட்டின் முதற் பாடம். பதின்மூன்று வயதளவில், பாடசாலைப் படிக்கட்டில் இவன் தள்ளிவிட்ட மாணவனொருவனின் கணுக்கால் முறிந்தது. இவன் பாவசங்கீர்த்தனம் செய்தான். அன்று மாலையே, தந்தையின் நண்பரான அக்குருவானவர் வீட்டுக்கு வந்தார். மறுநாள் தந்தை தண்டித்தார். பாவசங்கீர்த்தன இரகசியம் மீறப்பட்டதென்று சிறுவன் முடிவுகட்டினான். அது உண்மையோ, வேறு வழியாகச் செய்தி எட்டியதோ, அவனது விசுவாசத்தில் விழுந்த முதற் கீறல் அதுவே. குருக்களாகிய நாங்கள் இவ்விடத்தைச் சற்று நின்று வாசிக்கவேண்டும்.

தந்தை இறந்தார். பையன் முதலாம் உலகப் போருக்குப் போனான். 1922இல் திருச்சபையை விட்டு விலகி நாஸிக் கட்சியிற் சேர்ந்தான். 1923இல் ஓர் அரசியற் கொலையில் பங்குகொண்டு பத்தாண்டுச் சிறைத்தண்டனை பெற்று, 1928இல் பொதுமன்னிப்பில் வெளிவந்தான்.

1934இல் டகாவு முகாமுக்குக் காவலனாகச் சென்றான். அங்கே தியோடர் ஐக்கே என்பவன், பின்னர் மண்டையோட்டுப் படை எனப் பெயர்பெற்ற காவற்படையை உருவாக்கிக்கொண்டிருந்தான். சட்டைக் கழுத்துப்பட்டியில் மண்டையோட்டுச் சின்னம் அணிந்த அப்படையினருக்கு, கைதியின்மேல் இரங்குவது கோழைத்தனம் என்றே போதிக்கப்பட்டது. கைதிகளுக்குக் கசையடி விழும்போது காவலர் அணிவகுத்து நின்று பார்க்கவேண்டும். முதன்முறை பார்த்தபோது தன் உடல் நடுங்கியதென்று ஹோஸ் பிற்காலத்தில் எழுதினான். ஆகவே அவன் உள்ளத்தில் இரக்கம் இருந்தது. பலவீனன் என்ற பெயருக்கு அஞ்சி அதை மறைத்தான். மறைக்க மறைக்கப் பதவியும் உயர்ந்தது.

1940 மே மாதம் அவுஸ்விட்ஸ் அவன் கையில் ஒப்படைக்கப்பட்டது. அம்முகாம் இயங்கிய ஆண்டுகளில் ஏறத்தாழ 11 இலட்சம் பேர் அங்கு மாண்டனர். அவர்களுள் 10 இலட்சம் பேர் யூதர். பெரும்பாலானோர் நச்சுவாயுவுக்கு இரையாயினர். முகாம் வேலிக்கு அருகிலேயே அவனுடைய வீடு. மனைவி, ஐந்து பிள்ளைகள், பூந்தோட்டம். பிள்ளைகளிடம் அன்பான தகப்பன்தான்.

போர் முடிந்தபின் பெயரை மாற்றிப் பண்ணைக் கூலியாக ஒளிந்திருந்தவன் 1946 மார்ச்சில் பிடிபட்டான். 1947 ஏப்ரல் 2ஆந் திகதி போலந்தில் மரணதண்டனை தீர்க்கப்பட்டது. வடோவிச்சே நகர்ச் சிறையில் அடைக்கப்பட்டான். திருத்தந்தை இரண்டாம் அருளப்பர் சின்னப்பர் பிறந்த ஊர் அதுவே. அங்கே ஒரு குருவானவரைக் கேட்டான். இயேசு சபையைச் சேர்ந்த வண. விளாடிஸ்லாவ் லோன் அடிகள் வந்தார். அவர் ஒரு போலந்து நாட்டவர் என்பதை மறக்கவேண்டாம். ஏப்ரல் 10ஆந் திகதி, சிறுவயதில் மனம் கசந்து விலகிய அதே பாவசங்கீர்த்தனத்துக்கு அவன் திரும்பிவந்தான். மறுநாள் திவ்விய நற்கருணை பெற்றான்.

பிள்ளைகளைப் பறிகொடுத்த தாய்மாருக்கு இது என்ன ஆறுதல் என்று கேட்பவரைக் கடிந்துகொள்ள எனக்கு மனமில்லை. பாவமன்னிப்பு அவனைத் தூக்குமேடையிலிருந்து காப்பாற்றவுமில்லை. ஏப்ரல் 16ஆந் திகதி, அவுஸ்விட்ஸின் பழைய பிணச் சூளைக்கருகே அவன் தூக்கிலிடப்பட்டான்.

சாவதற்குச் சில நாட்களுக்கு முன் மூத்த மகனுக்குக் கடிதம் எழுதினான். மேலிடத்திலிருந்து வந்ததையெல்லாம் ஆராயாமல் நம்பியதே தன் வாழ்வின் பெருந்தவறு என்றும், மகன் தானாகச் சிந்தித்துத் தீர்மானிக்கப் பழகவேண்டும் என்றும், எல்லாவற்றிலும் நெஞ்சின் குரலுக்குச் செவிகொடுக்கவேண்டும் என்றும் அதில் கேட்டுக்கொண்டான்.