ஆளறிந்து ஆக்கிய அறிஞர் ஹோமி பாபா

ஒரு பெருவினையைத் தொடங்குவோர் முதற்கண் பொருளைத் தேடுவர். பின்னர் இடத்தைத் தேடுவர். கட்டடம் எழுந்து, கருவிகள் வந்து, பதவிகளும் வகுக்கப்பட்ட பின்னரே அவற்றில் அமர்தற்குரிய ஆட்களைத் தேடுவர். உலக வழக்குப் பெரும்பாலும் இதுவே. இவ்வழக்கைத் தலைகீழாக்கி, ஆளை முன்னும் ஏனையவற்றைப் பின்னுமாக வைத்துப் பெரியதோர் அமைப்பை நம் நாட்டில் கண்டவர் டாக்டர் ஹோமி ஜஹாங்கீர் பாபா. இந்திய அணுவாராய்ச்சியின் தந்தையென அவரை எல்லாரும் அறிவர். ஆயின், திறமுடையாரைத் தேர்ந்து, வேண்டுவன தந்து, தம் போக்கில் வளரவிட்ட அவரது அருங்குணம் அத்துணைப் பரவலாக அறியப்படவில்லை. அதனையே பொருளாகக் கொண்டு அவர்தம் வரலாற்றை ஈண்டுச் சுருக்கி வரையத் துணிந்தோம். திருவள்ளுவர் பொருட்பாலில் தெரிந்து தெளிதல், தெரிந்து வினையாடல் என இரண்டு அதிகாரங்களை அடுத்தடுத்து வைத்தார். ஆளைத் தேர்தல் ஒன்று. தேர்ந்தவனிடம் வினையை ஒப்புவித்தல் மற்றொன்று. இவ்விரண்டிற்கும் பாபாவின் வாழ்க்கை ஒரு விளக்கவுரை போல அமைந்துள்ளது.

பாபா 1909-ஆம் ஆண்டு அக்டோபர்த் திங்கள் 30-ஆம் நாள், இன்று மும்பையென வழங்கும் பம்பாய் மாநகரில், செல்வமும் கல்வியும் ஒருங்கே வாய்ந்த பார்ஸிக் குடும்பமொன்றில் தோன்றினார். தந்தையார் ஜஹாங்கீர் பாபா வழக்கறிஞர். அத்தையார் மெஹர்பாய், ஸர் தோராப்ஜி டாட்டாவின் மனைவியார். மைந்தன் பொறியியல் கற்று ஜம்ஷெட்பூர் இரும்பாலையிற் பணிபுரிய வேண்டுமென்பது பெரியோர் விருப்பம். அவ்விருப்பத்தின்படியே 1927-ஆம் ஆண்டில் அவர் கேம்பிரிட்ஜ் சென்று இயந்திரப் பொறியியல் பயிலத் தொடங்கினார். அங்கே அவர் உள்ளம் கணிதத்திலும் பௌதிகத்திலும் படிந்தது. அதனைத் தந்தையார்க்கு மறைக்காது எழுதினார். பொறியியல் தேர்வில் முதல் வகுப்பிலே தேறுவானாயின் மேலும் தங்கிக் கணிதம் பயிலப் பொருள் தருவதாகத் தந்தையார் விடையளித்தார். 1930-ஆம் ஆண்டில் மகன் அங்ஙனமே தேறினார். தந்தையாரும் தம் சொல்லைக் காத்தார். ஒருவனுடைய நாட்டம் எங்குளதோ அங்கேயே அவனை நிறுத்துதல் வேண்டும் என்னும் பாடத்தைப் பாபா முதன்முதல் தம் வாழ்விலேயே கற்றார் எனலாம்.

அதன்பின் அவர் புகழ் விரைந்து வளர்ந்தது. எலெக்ட்ரானும் பாஸிட்ரானும் தம்முள் மோதிச் சிதறும் முறையை அவர் கணித்துக் கூறியது இன்றும் அவர் பெயராலேயே வழங்குகின்றது. விண்ணினின்று வரும் காஸ்மிக் கதிர்கள் வளிமண்டலத்திற் புகுந்து மழைபோலப் பெருகுதற்குரிய காரணத்தை 1937-ஆம் ஆண்டில் ஹைட்லர் என்னும் அறிஞரோடு சேர்ந்து விளக்கினார். 1939-ஆம் ஆண்டில் விடுமுறைக்காகத் தாயகம் வந்திருந்தபோது ஐரோப்பாவிற் போர் மூண்டது. திரும்பிச் செல்ல இயலாத நிலையில், பெங்களூர் இந்திய விஞ்ஞானக் கழகத்தில் ஆசிரியப் பணியை ஏற்றார். ஸர் சி. வி. இராமன் அங்கே பௌதிகத் துறையை நடத்திவந்த காலம் அது. 1941-ஆம் ஆண்டில், முப்பத்திரண்டு வயதும் நிரம்பாத பாபாவை இலண்டன் ராயல் சங்கம் தன் உறுப்பினராக ஏற்றது.

போர் முடிந்ததும் கேம்பிரிட்ஜுக்கு மீள்வதே அவர் முதற் கருத்தாயிருந்தது. ஆனால் ஆண்டுகள் செல்லச் செல்ல அக்கருத்து மாறியது. தகுந்த ஆராய்ச்சிக் கூடம் ஈண்டு இன்மையால் நம் இளைஞர் கடல்கடந்து செல்கின்றனர், சென்றவர் மீள்வதில்லை, மீண்டவர்க்கும் ஏற்ற தொழிலில்லை. இக்குறையைத் தீர்ப்பது தம் கடனென அவர் கொண்டார். 1944-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் ஸர் தோராப்ஜி டாட்டா அறக்கட்டளையினர்க்கு ஒரு கடிதம் வரைந்தார். அடிப்படைப் பௌதிகத்திற்கெனத் தனிக் கூடமொன்று அமைத்தால், இன்னும் சில பத்தாண்டுகளில் அணுவினின்று மின்னாற்றல் பெறுங்காலம் வரும்போது, நாடு வல்லுநர்க்காக வெளிநாட்டாரை எதிர்நோக்க வேண்டியதில்லை, அவர்கள் ஈண்டே ஆயத்தமாயிருப்பர் என்பது அதன் சாரம். ஹிரோஷிமாவின்மீது குண்டு விழுவதற்கு ஓராண்டிற்கு மேல் முந்தியது அக்கடிதம் என்பதை நாம் நினைவிற் கொள்ளல் வேண்டும். அணு உலை நம் நாட்டில் ஒன்றுமில்லாத அந்நாளில், உலைக்கு வேண்டிய மனிதரை அவர் முதலில் நினைந்தார்.

1945-ஆம் ஆண்டு ஜூன் மாதம் டாட்டா அடிப்படை ஆராய்ச்சிக் கழகம் பெங்களூரில் தோன்றி, அவ்வாண்டிறுதியிலேயே பம்பாய்க்குப் பெயர்ந்தது. பம்பாயில் அதற்குக் கிடைத்த முதல் இருப்பிடம் பெட்டர் சாலையில் பாபாவின் உறவினர்க்குரிய கெனில்வொர்த் என்னும் மாளிகையின் ஒரு பகுதியே. 1949-ஆம் ஆண்டில் இந்தியாவின் வாயில் அருகேயுள்ள பழைய படகுச் சங்கக் கட்டடத்திற்குச் சென்றது. கொலாபாக் கடற்கரையில் இன்று விளங்கும் அழகிய மனையை நேரு பெருமகனார் திறந்து வைத்தது 1962-ஆம் ஆண்டு ஜனவரித் திங்களில்தான். ஆக, பதினாறாண்டுகள் வரையில் கழகம் சொந்தக் கட்டடமின்றியே இருந்தது. ஆனால் அப்பதினாறாண்டுகளில் அது ஆட்களைச் சேர்த்துக்கொண்டிருந்தது.

அவ்வாறு சேர்ந்தோருள் கணித அறிஞர் கே. சந்திரசேகரனை முதற்கண் கூறுவோம். அவர் சென்னை மாநிலக் கல்லூரியிற் பயின்று, அமெரிக்காவில் பிரின்ஸ்டனிலுள்ள உயராய்ச்சி நிலையத்தில் இருந்தவர். 1949-ஆம் ஆண்டில் பாபா அவரை அழைத்துக் கணிதப் பகுதியை அவர் பொறுப்பில் விட்டார். பாபா தாமே கணிதம் வல்லவராயிருந்தும், அப்பகுதியை நடத்தும் முறையைச் சந்திரசேகரனுக்கே உரியதாக்கினார். முதுபெரும் பேராசிரியரைப் பல்கலைக்கழகங்களினின்று பெயர்த்து வருதல் அங்கு வழக்கமாகவில்லை. பட்டம் பெற்றுவந்த இளைஞரைத் தெரிந்தெடுத்து, ஸீகல், ஷ்வார்ட்ஸ் முதலிய உலகப் பேரறிஞரை வரவழைத்துப் பாடஞ் சொல்லச் செய்தனர். சென்னை லயோலாக் கல்லூரியில் ராஸீன் பாதிரியாரிடம் கணிதம் பயின்ற எம். எஸ். நரசிம்மனும் சி. எஸ். சேஷாத்ரியும் 1953-ஆம் ஆண்டில் அங்கே சேர்ந்த மாணவர். 1965-ஆம் ஆண்டில் அவ்விருவரும் சேர்ந்து வெளியிட்ட தேற்றம் இன்றளவும் அவர்கள் பெயரால் உலகெங்கும் வழங்குகின்றது. கல்லூரி ஆசிரியர் ஒருவர் இனங்கண்டு அனுப்ப, கழகம் ஏற்று வளர்த்த பயிர் அது.

கணிப்பொறி நம் நாட்டிற் பிறந்த வரலாறும் இவ்வகைப்பட்டதே. 1954-ஆம் ஆண்டில் ஆர். நரசிம்மன் என்னும் இளைஞர் கழகத்தில் அமர்ந்தார். சென்னையிற் பிறந்து பொறியியல் பயின்றவர்; அமெரிக்காவில் கணிதத்தில் டாக்டர் பட்டம் பெற்றவர். கணிப்பொறியைக் கட்டும் வேலை அவரிடமும் அவரோடு உழைத்த ஒரு சிறு குழுவிடமும் ஒப்புவிக்கப்பட்டது. அக்குழுவினரிற் பெரும்பாலோர் அதற்கு முன் கணிப்பொறியைக் கையாண்டு அறியாதவர். அனுபவமுடையாரே வேண்டுமென விளம்பரஞ் செய்திருந்தால், அந்நாளில் இந்தியாவில் எவரும் கிடைத்திருக்க மாட்டார். மின்னணுக் கருவிகளில் பயிற்சியும் கூர்த்த மதியும் உடையாரை எடுத்து, வேலையிலேயே வேலையைக் கற்க விட்டனர். 1956-ஆம் ஆண்டில் சிறியதொரு முன்மாதிரி இயங்கிற்று. ஏறத்தாழ 2,700 வால்வுகள் கொண்ட முழுப்பொறி 1960-ஆம் ஆண்டில் பணிக்கு வந்தது. 1962-ஆம் ஆண்டில் அதற்கு டிஃப்ராக் என நேரு பெயரிட்டார். சில ஆண்டுகளில் வெளிநாட்டுப் பெரும்பொறி வரவே, டிஃப்ராக்கின் காலம் முடிந்தது. எனினும் அதைக் கட்டிய கைகள் முடிந்துபோகவில்லை. இந்நாட்டில் கணிப்பொறிக் கல்வியும் மென்பொருள் ஆராய்ச்சியும் வேரூன்ற நரசிம்மன் பிற்காலத்தே பல்லாண்டுகள் உழைத்தார். இயந்திரம் பழையதாகும், அதனைச் செய்து பழகிய அறிவு புதியவற்றைச் செய்யும். இவ்வுண்மைக்கு இதனினும் தெளிவான சான்று வேண்டுமோ?

1948-ஆம் ஆண்டில் அணுசக்தி ஆணைக்குழு நிறுவப்பெற்றபோது பாபா அதன் தலைவரானார். 1954-ஆம் ஆண்டில் அணுசக்திக்கெனத் தனி இலாகா அமைந்தது. டிராம்பேயில் ஆராய்ச்சி நிலையமும் எழுந்தது. சிலர் கூடிய கழகத்தைத் தலைமை தாங்குதல் ஒன்று. ஆயிரக்கணக்கானோர் உழைக்கும் அரசாங்க இலாகாவை நடத்துதல் வேறொன்று. வளரும் அமைப்பில் திறமை கோப்புகளுக்கிடையே நசுங்குவது இயல்பு. அந்த இடரைப் பாபா முன்னரே உணர்ந்து மூன்று காப்புகளைச் செய்தார்.

முதலாவது, வேண்டியவர்களைத் தாமே ஆக்கிக்கொள்ளல். 1957-ஆம் ஆண்டில் டிராம்பேயில் பயிற்சிப் பள்ளியொன்று தொடங்கப்பெற்றது. விஞ்ஞானத்திலும் பொறியியலிலும் பட்டம் பெற்ற இளைஞரை நாடெங்குமிருந்து தேர்ந்தெடுத்து, ஓராண்டு பயிற்றி, வேலையும் தந்தனர். பௌதிகர் வேதியியல் கற்றார். பொறியியலார் பௌதிகம் கற்றார். இரண்டாவது, பதவி உயர்வைப் பற்றியது. மேலிடம் காலியானால் அன்றிக் கீழுள்ளோன் உயர வழியில்லை என்பது அரசாங்க வழக்கம். பாபாவோ, ஒருவனது தகுதி உயர்ந்தால் அவன் பதவியும் ஊதியமும் உயர்க என விதித்தார்; காலியிடம் பார்க்க வேண்டுவதில்லை. நல்ல விஞ்ஞானி உயர்வு கருதி ஆராய்ச்சியைக் கைவிட்டு நிர்வாகியாகும் இழிவு இதனால் பெரிதும் நீங்கிற்று. மூன்றாவது, நிர்வாகத்தை ஆராய்ச்சிக்கு அடங்கியதாக வைத்தல். இலாகாவின் தலைமையிடம் டெல்லியிலன்றிப் பம்பாயிலேயே அமைந்தது; 1958-ஆம் ஆண்டு ஏற்பாட்டின்படி பொருள் செலவிடும் அதிகாரமும் ஆணைக்குழுவிற்குக் கிட்டியது. இத்தகைய சூழலில்தான் 1956-ஆம் ஆண்டு ஆகஸ்டு 4-ஆம் நாள் அப்ஸரா என்னும் அணு உலை நம்மவராலேயே கட்டப்பெற்று இயங்கத் தொடங்கியது. எரிபொருள் இங்கிலாந்தினின்று வந்தது. அறிவும் உழைப்பும் ஈண்டுள்ளவை.

தமிழ்நாட்டார் நேரே காணத்தக்க சான்றொன்றும் உண்டு. 1961-ஆம் ஆண்டில், வெளிநாடுகளிலிருந்த இந்திய வானியலார் நால்வர், தாயகம் திரும்பி ரேடியோ வானியலை வளர்க்க விரும்புவதாகப் பாபா உள்ளிட்ட சிலர்க்கு எழுதினர். பிறர் ஆலோசித்திருக்கையில், 1962 ஜனவரியில் பாபா தந்தி கொடுத்தார்: குழுவொன்று அமைப்பதெனத் தீர்மானித்தாயிற்று என்பது அதன் பொருள். அந்நால்வருள் ஒருவரான கோவிந்த் ஸ்வரூப் 1963-ஆம் ஆண்டில் அமெரிக்காவினின்று மீண்டார். உதகமண்டலத்திற்கு அருகே முத்தோரையில், அவ்விடத்து அட்சரேகைக்கு ஒப்ப ஏறத்தாழ 11 பாகை சரிந்த மலைச்சாரலைத் தேடிக் கண்டு, அச்சரிவிலேயே 530 மீட்டர் நீளமும் 30 மீட்டர் அகலமுமுள்ள தொலைநோக்கியை அமைத்தனர். அதன் அச்சு பூமியின் அச்சிற்கு இணையாக அமைந்ததால், ஓர் அச்சிலே திருப்பியே வானப் பொருளைப் பல மணி நேரம் தொடர இயன்றது. 1970-ஆம் ஆண்டில் அது நிறைவெய்தியபோது தந்தி விடுத்தவர் உயிரோடில்லை.

குணம் நாடிய நாம் குற்றமும் நாடுதல் முறையே. பாபாவின் முறைக்கு அந்நாளிலேயே எதிர்ப்பிருந்தது. ஆராய்ச்சி பல்கலைக்கழகங்களிலேயே வளர வேண்டும், தனிக்கூடங்களிற் குவிதல் தகாது என மேகநாத ஸாஹா வாதாடினார். பாபாவின் நிலையங்கள் பெற்ற பொருளும் உரிமையும் நம் பல்கலைக்கழகங்கள் பெற்றில என்பது உண்மை. ஆளைத் தேரும் பொறுப்பு ஒருவர் கண்ணையே சார்ந்திருப்பின், அக்கண் விலக்கியவர்க்குப் புகலிடம் இல்லை. கழகத்தின் தொடக்க நாள்முதல் இருந்த பேரறிஞர் கோஸாம்பியின் பணி 1962-ஆம் ஆண்டில் நீட்டிக்கப்படாது முடிந்தது. தேர்தலில் வல்லவர்க்கும் சிலரோடு ஒத்துச் செல்லுதல் அரிதாயிற்று.

1966-ஆம் ஆண்டு ஜனவரித் தொடக்கத்தில் பம்பாயில் கூடிய அனைத்துலக விஞ்ஞானச் சங்கங்களின் அவையில், தம் முறையைப் பாபா விரித்துரைத்தார். தக்க மனிதர் கிடைக்குந்தோறும் அவரைச் சுற்றி அமைப்பை வளர்த்தலே நன்று. முன்னரே வகுத்த பதவிகளை நிரப்பப் பல்கலைக்கழகங்களின் நடுத்தர ஆசிரியரை இழுத்தால் இரண்டிடமும் மெலியும் என்பது அவர் கருத்து. அவ்வுரை நிகழ்த்திச் சில வாரங்களும் கழியவில்லை. ஜனவரி 24-ஆம் நாள் அவர் சென்ற ஏர் இந்தியா விமானம் ஆல்ப்ஸ் மலையில் மோன் பிளாங்க் சிகரத்தருகே மோதி நொறுங்கியது. ஐம்பத்தாறு வயதில் அவர் மறைந்தார்.

தலைவன் மறைந்த பின்னரே அவன் கட்டியதன் வலிமை தெரியும். ஒருவர் கண்ணைச் சார்ந்திருந்த அமைப்பு அக்கண் மூடியதும் சரிந்திருக்கலாம். ஆனால் கழகத்தின் பொறுப்பை, 1955-ஆம் ஆண்டில் பாபாவே சேர்த்துக்கொண்ட எம். ஜி. கே. மேனன் முப்பதுகளிலேயே ஏற்று நடத்தினார். டிராம்பேயில் மின்னணுப் பகுதியை வளர்த்த ஏ. எஸ். ராவ் முன்னின்று உழைக்க, 1967-ஆம் ஆண்டில் ஹைதராபாதில் மின்னணுத் தொழிற்சாலை தோன்றியது. கணிப்பொறிகளும் அங்கே செய்யப்பட்டன. பயிற்சிப் பள்ளியினின்று ஆண்டுதோறும் இளைஞர் வந்தவண்ணமிருந்தனர். அவர் விட்டுச்சென்ற பெருஞ்செல்வம் உலைகளும் மாளிகைகளும் மட்டுமாயின், நாளடைவில் அவை துருப்பிடித்திருக்கும். தம்மினும் நெடுங்காலம் வாழ்ந்து, தம்மை வினவாமலே முடிவு செய்ய வல்ல மனிதரை அவர் விட்டுச் சென்றார்.

மாணவ நண்பர்களே, நம்மில் யாரேனும் நாளை ஒரு பள்ளியையோ, தொழிற்சாலையையோ, கணிப்பொறி நிலையத்தையோ நடத்த நேரிடலாம். அன்று நாற்காலிகளை எண்ணுமுன் நல்லாரைத் தேடுவோமாக. தேடிக் கண்டபின் நம்பி ஒப்புவிப்போமாக. தேடப்படுவோராக இருப்பின், அனுபவம் இல்லையென அஞ்சாது கற்கும் ஆற்றலை வளர்த்துக்கொள்வோமாக. ஹோமி பாபாவின் வரலாறு நமக்கு அறிவுறுத்துவது இதுவே.