சிறுவர்க்கு மெழுகுவர்த்தி காட்டிய பாரடே

காந்தத்தினின்று மின்சாரத்தைப் பிறப்பித்தவர் மைக்கேல் பாரடே என்பதை விஞ்ஞானம் பயிலும் மாணவர் யாவரும் அறிவர். மின்தேக்கிகளை அளக்கும் அலகிற்கு அவர் பெயரே இடப்பட்டிருத்தலையும் அறிவர். ஆனால் அப்பேரறிஞர் 19 கிறிஸ்துமஸ் காலங்களில் சிறுவர் சிறுமியர் முன் நின்று, எரியும் மெழுகுவர்த்தியையும் உப்பையும் சுண்ணாம்பு நீரையும் கொண்டு இயற்கையின் இரகசியங்களை விளக்கினார் என்பதை அறிந்தோர் சிலரே. தமிழ் பயிலும் யான் இத்துறையில் புகுதல் மிகையென நண்பர் சிலர் நகைக்கக்கூடும். எனினும் அவர் காட்டியவற்றுட் பல, நம் அடுக்களையிலேயே தம்பி தங்கையரோடு செய்து பார்க்கத்தக்கன, ஆதலின் துணிந்தேன்.

பாரடே 1791-ஆம் ஆண்டு செப்டம்பர் 22-ஆம் நாள் இலண்டன் நகருக்கு அண்மையில் நியூவிங்டன் பட்ஸ் என்னும் இடத்திற் பிறந்தார். தந்தையார் கொல்லுத்தொழில் செய்தவர், ஓயா நோயாளி. 1801-ஆம் ஆண்டில் தானியவிலை ஏறியபொழுது, ஒரு வாரம் முழுமைக்கும் ஒரே ரொட்டி பாரடேயின் பங்காகக் கிடைத்ததாம். பள்ளிப் படிப்பு எழுதவும் படிக்கவும் எண்ணவும் கற்றதோடு நின்றது. 1804-ஆம் ஆண்டில் ரிபோ என்னும் புத்தக வணிகரிடம் பத்திரிகை சுமக்கும் சிறுவராய்ச் சேர்ந்து, அடுத்த ஆண்டு முதல் ஏழாண்டு புத்தகம் கட்டும் தொழில் பயின்றார்.

கட்டுவதற்கு வந்த புத்தகங்களை அவர் படிக்கவும் செய்தார். அவற்றுள் ஒன்று ஜேன் மார்செட் அம்மையார் இரசாயனத்தைப் பற்றி உரையாடலாய் எழுதிய நூல். ஓர் ஆசிரியை இரு பெண்மக்களுக்குக் கற்பிப்பதாய் அமைந்தது. பாரடே அந்நூலை நம்பியவாறு நம் கவனத்திற்கு உரியது. அச்சில் இருப்பதனால் அவர் நம்பவில்லை. தம் சிறுவருவாயில் மிஞ்சிய சில காசுகளுக்கு வேண்டிய பொருள்களை வாங்கி, நூல் கூறியவற்றுள் இயன்றவற்றைத் தாமே செய்து பார்த்தார். கண்ணாற் கண்டது நூலோடு ஒத்தது. அதன் பின்னரே நூலாசிரியைக்குத் தலைவணங்கினார். பிற்காலத்தில் உலகம் போற்றும் நிலையெய்தியபோதும், தம் கட்டுரைகளை அவ்வம்மையாருக்கு நன்றியோடு அனுப்பி வந்தார்.

1812-ஆம் ஆண்டில் அவர் செய்த மின்கலம் ஒன்று இன்றும் எவரும் செய்யக்கூடியதே. செம்பாலாகிய அரைப்பென்னிக் காசுகள் ஏழு. அவ்வளவிலேயே வெட்டிய துத்தநாகத் தகடுகள் ஏழு. இடையிடையே உப்புநீரில் நனைத்த காகிதம். இவற்றை ஒன்றன்மேல் ஒன்றாய் அடுக்கி, இரு முனைகளினின்றும் கம்பியெடுத்து, பேதியுப்புக் கரைசலைப் பகுத்தார். அப்பொழுது அவருக்கு வயது 20. அவ்வாண்டிலேயே, கடைக்கு வந்த வாடிக்கையாளர் ஒருவர் கொடுத்த சீட்டினால், ஸர் ஹம்ப்ரி டேவியின் விரிவுரைகளை ராயல் இன்ஸ்டிடியூஷனிற் கேட்டார். கேட்டவற்றை எழுதி, படம் வரைந்து, தம் கையாலேயே புத்தகமாய்க் கட்டி டேவிக்கு அனுப்பினார். 1813-ஆம் ஆண்டு மார்ச்சு மாதம் அந்நிலையத்தில் உதவியாளராய் அமர்ந்தார். வாரத்திற்கு 25 ஷில்லிங் ஊதியம். மேன்மாடத்தில் இரண்டு அறைகள். புத்தகக் கட்டுநரின் கை விஞ்ஞானியின் கையாயிற்று. கைப்பழக்கம் மட்டும் மாறவில்லை. 1831 ஆகஸ்டு 29-ஆம் நாள் மின்தூண்டலைக் கண்ட அப்புகழ்பெற்ற இரும்பு வளையத்தில், கம்பிச் சுற்றுகள் ஒன்றையொன்று தொடாதபடி அவர் இடையில் வைத்துச் சுற்றியவை நூற்கயிறும் பருத்தித் துணியுமே.

அவருக்கும் அவர் மனைவி ஸாரா அம்மையாருக்கும் மகப்பேறு வாய்க்கவில்லை. 1821-ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில், பூமியின் காந்தவலியினால் ஒரு கம்பி சுழல்வதைக் காண மனைவியைப் பாரடே ஆய்வறைக்கு அழைத்தார். பின்னர் ஸாராவின் தமக்கை மகள் ஒருத்தி அவர்களுடன் வளர்ந்தாள். அச்சிறுமி ஆய்வறையின் ஒரு மூலையில் தையல் வேலையோடு ஓசையின்றி அமர்ந்திருப்பாள். வேலைக்கிடையே பாரடே அவளைப் பார்த்துத் தலையசைப்பார். சில வேளைகளில் பொட்டாசியத் துண்டொன்றை நீரில் எறிந்து, அது தீப்பற்றி ஓடுவதைக் காட்டி மகிழ்விப்பார். (இதை மட்டும் வீட்டிற் செய்யலாகாது.) பிறர் பிள்ளைகளுக்காக அவர் கிறிஸ்துமஸ் காலத்தை ஒதுக்கியதன் காரணத்தை இம்மூலையில் அமர்ந்த சிறுமியிடத்திலேயே தேடலாம் என்று எனக்குத் தோன்றுகிறது.

ராயல் இன்ஸ்டிடியூஷனின் கிறிஸ்துமஸ் விரிவுரைகள் 1825-ஆம் ஆண்டில் தொடங்கின. பாரடே முதன்முதல் 1827-இல் அவற்றை நிகழ்த்தினார். ஒருமுறை பெரிய மின்காந்தம் ஒன்றின்மேல் கரிக்கூடையிலுள்ள கரி முழுமையையும், பின்னர் அடுப்புக் கிளறும் கோலையும் இடுக்கியையும் வீசியெறிந்தார் என்பர். இரும்பு ஒட்டிக்கொள்ளக் கண்ட சிறுவர் அந்தப் பாடத்தை மறந்திருப்பாரோ? 1855-ஆம் ஆண்டு விக்டோரியா அரசியாரின் கணவர் தம் மைந்தரோடு வந்து கேட்டார்.

எல்லாவற்றுள்ளும் சிறந்தது மெழுகுவர்த்தியைப் பற்றிய ஆறு விரிவுரை. அதை இறுதியாக 1860-61 கிறிஸ்துமஸில், தம் 69-ஆம் வயதில் நிகழ்த்தினார். திடப்பொருளாகிய மெழுகு திரியின் உச்சிக்கு ஏறுவது எவ்வாறு என்பது முதல் வினா. அதற்கு அவர் ஒரு தட்டில் உப்பைத் தூண்போற் குவித்து நிறுத்தி, நீலநிறம் ஊட்டிய செறிந்த உப்புநீரை அடியில் ஊற்றினார். உப்பு அந்நீரிற் கரையாது. நீர் மட்டும் உப்பின் நுண்ணிய இடைவெளிகளினூடே மேலேறித் தூணை நீலமாக்கும். தொட்டியின் விளிம்பில் தொங்கும் துண்டு நீரையெல்லாம் தரையிற் சொட்டச் செய்வதும் இதனாலேயே.

அடுத்து, எரிவது மெழுகன்று, மெழுகின் ஆவியே என்று காட்டினார். வர்த்தியை மெல்ல அணைத்தால் வெண்புகை எழும். அப்புகையின்மேல், திரிக்கு இரண்டு மூன்று அங்குலம் உயரத்தில், கொளுத்திய குச்சியைப் பிடித்தால் சுடர் புகைவழியே இறங்கித் திரியைப் பற்றும். சென்ற விடுமுறையில் என் தங்கையோடு யான் இதனை முயன்றேன். நான்குமுறை தோற்றோம். பிழை பாரடேயினுடையதன்று, திறந்திருந்த அடுக்களைச் சாளரத்தினுடையது என்று அம்மா கண்டுபிடித்து அதனை அடைத்த பின்னரே சுடர் தாவியது. தங்கை அன்று வீட்டிலிருந்த வர்த்திகளில் பாதியைத் தீர்த்துவிட்டாள்.

வெள்ளைக் காகிதத்தைச் சுடரின் நடுவே கணப்பொழுது கிடையாய்ப் பிடித்து எடுத்தால், கருகல் வட்டமாய் வளையமிட்டு, நடு கருகாதிருக்கும்; சுடரின் உட்பகுதியில் வெம்மை குறைவு என்பது வெளிப்படும். இன்னொன்று என்னை மிகவும் வியப்பித்தது. வெயிலில் எரியும் வர்த்தியின் நிழலைத் தாளில் வீழ்த்தினால், சுடரில் மிகுந்த ஒளியுடைய பகுதியே மிகக் கரிய நிழலைத் தரும். அப்பகுதியில் நுண்ணிய கரித்துகள்கள் காய்ந்து ஒளிர்கின்றன. ஒளியைத் தருவன அவையே, வெயிலை மறைப்பனவும் அவையே. விளக்கின்மேல் தட்டைக் கவிழ்த்து நம் பாட்டிமார் கண்மைக்குச் சேர்க்கும் கரி இதுவேயாகும்.

ஆறாம் நாளில் பாரடே சுடரையும் மனிதரையும் இணைத்தார். வர்த்தி எரிந்த பாத்திரத்துக் காற்று தெளிந்த சுண்ணாம்பு நீரைப் பால்போல் வெண்மையாக்கும். நம் மூச்சும் அவ்வாறே செய்யும். வெற்றிலைச் சுண்ணாம்பைச் சிறிது நீரிற் கலக்கித் தெளியவைத்து, மேல்நீரைக் கண்ணாடிக் குவளையில் வடித்து, பப்பாளி இலைக்காம்பின் வழியே மெல்ல ஊதினால் இதனை எவரும் காணலாம். (ஊதவேண்டும், உறிஞ்சலாகாது. சிறுவரோடு பெரியோர் ஒருவர் இருத்தல் நலம்.) சுடரும் உயிரும் ஒரே கரியமிலவாயுவை வெளியிடுகின்றன, செடிகொடிகள் அதனை ஏற்று வளர்கின்றன. இவ்விரிவுரைகளை வில்லியம் குரூக்ஸ் தொகுத்து 1861-ஆம் ஆண்டில் நூலாக்கினார்.

இவை பிள்ளை விளையாட்டு என்று பாரடே ஒருபோதும் கருதவில்லை. 1853-ஆம் ஆண்டில், மேசைமேல் பலர் கைவைத்து அமர்ந்தால் ஆவிகளின் வலியால் அது தானே சுழலும் என்னும் நம்பிக்கை இங்கிலாந்தில் பரவியது, கற்றோரும் மயங்கினர். பாரடே அவர்களைப் பொய்யரென்று ஏசவில்லை. சிறு பலகைகளுக்கிடையே கண்ணாடி உருளைகளை வைத்து, கைகள் பக்கவாட்டில் தள்ளுவதைக் காட்டும் குறிமுள் ஒன்றையும் அமைத்தார். தள்ளுகிறோம் என்று அறியாமலே அவர்கள் தள்ளினார்கள். முள்ளைப் பார்த்துக்கொண்டிருந்தபோது மேசை அசையவில்லை. ஆயினும் பலர் தம் மயக்கத்தை விடவில்லை என்பது அவரை வருத்திற்று. மறு ஆண்டில் மனப்பயிற்சியைக் குறித்து ஆற்றிய உரையில், தாம் விரும்புவதையே உண்மையென்று கொள்ளும் நெஞ்சின் சாய்வை ஒவ்வொருவரும் தாமே திருத்திக்கொள்ளவேண்டும் என்று வற்புறுத்தினார். உப்புத் தூணையும் சுண்ணாம்பு நீரையும் சிறுவர்முன் வைத்த கையே அந்தக் குறிமுள்ளையும் வைத்தது. 1862-ஆம் ஆண்டில் பள்ளிகளை ஆராய்ந்த அரசாங்கக் குழுவின் முன், எளிய விளக்கத்தையும் சோதனையின் கருத்தையும் உணரமாட்டாத சிறுவனைத் தாம் கண்டதில்லை என்று சான்று பகர்ந்தார்.

அவர் சாண்டிமேனியர் என்னும் சிறு கிறிஸ்தவ சபையைச் சேர்ந்தவர். அச்சபையில் மூப்பராகவும் இருந்து பிரசங்கித்தார். ஸர் பட்டத்தையும் ராயல் சங்கத் தலைமையையும் ஏற்க மறுத்தார். 50 வயதாகும் முன்னரே நினைவுத் தளர்ச்சி அவரைப் பற்றிற்று. அன்று செய்ததை மறுநாள் மறந்தார். அதற்கு மருந்துபோல அவர் வைத்திருந்த நாட்குறிப்பில், எண்ணிட்ட பத்திகள் 16,000-க்கு மேற்பட்டன. அத்தகைய நினைவோடு அவர் சிறுவர்முன் நின்று ஆறு நாள் பேசினார் என்பதை எண்ணும்போது, மனனத்தையே நம்பித் தேர்வெழுதும் எமக்கு நாணம் உண்டாகிறது. 1861 அக்டோபரில், இனிச் சிறுவர் விரிவுரையைத் தம்மால் நடத்த இயலாது என்று நிலையத்தாருக்கு எழுதி விடைபெற்றார்.

அரசியார் அளித்த ஹாம்ப்டன் கோர்ட் இல்லத்தில், 1867 ஆகஸ்டு 25-ஆம் நாள், நாற்காலியில் அமர்ந்தபடியே பாரடே உயிர்நீத்தார். ஹைகேட் இடுகாட்டில் அவரை அடக்கம் செய்தனர். கல்லில் அவர் பெயரும் பிறந்த நாளும் இறந்த நாளுமே பொறிக்கப்பட்டுள்ளன.