யூசோஃப் இஷாக்: மக்கள் மெல்ல மெல்லச் சொந்தமாக்கிக்கொண்ட முதல் அதிபர்

1959ஆம் ஆண்டு டிசம்பர் 3ஆம் தேதி. நகர மண்டபத்திற்கு எதிரே உள்ள பாடாங் திடலில் பெருங்கூட்டம் திரண்டிருந்தது. பிறைநிலாவும் ஐந்து நட்சத்திரங்களும் கொண்ட சிவப்பு வெள்ளைக் கொடியை மக்கள் அன்றுதான் முதன்முறையாகக் கண்டனர். சுபிர் சயித் இசையமைத்த ‘மஜுலா சிங்கப்பூரா’ பாடலும் சிங்கமும் புலியும் தாங்கிய சின்னமும் அன்றே அறிமுகமாயின. அதே நிகழ்வில், சொங்கோக் அணிந்த மலாய்ப் பத்திரிகையாளர் ஒருவர் ‘யாங் டி பெர்துவான் நெகாரா’ எனப்படும் நாட்டுத் தலைவராகப் பதவியேற்றார். அவர்தான் திரு யூசோஃப் இஷாக்.

அதற்கு முன்பு அந்தப் பொறுப்பில் இருந்தவர் பிரிட்டனைச் சேர்ந்த சர் வில்லியம் கூட். நூற்றாண்டுக்கும் மேலாகப் பிரிட்டிஷ் ஆளுநர்கள் ஆண்டுவந்த ஊரில், உள்ளூர்க்காரர் ஒருவர் அந்த இடத்திற்கு வந்தது அதுவே முதல்முறை. கூட்டத்தின் மகிழ்ச்சிக்கு அது போதுமான காரணம்.

ஆனால் அன்று மக்கள் ஆரவாரம் செய்தது பெரும்பாலும் கொடிக்காகவும் புதிதாகக் கிடைத்த சுயாட்சிக்காகவும்தான். அந்தத் தனிமனிதரை மலாய்ச் செய்தித்தாள் வாசகர்கள் நன்கு அறிந்திருந்தனர். மற்ற சமூகத்தினர் பலருக்கு அவர் புதியவர். அப்போது சிங்கப்பூர் மக்கள்தொகையில் நான்கில் மூன்று பங்கினர் சீனர்கள். சிறுபான்மைச் சமூகத்தைச் சேர்ந்த ஒருவரை எல்லாரும் தங்கள் தலைவராக ஏற்பார்களா என்ற கேள்வி, விழா முடிந்த பிறகும் எஞ்சியிருந்தது.

திரு யூசோஃப் 1910ஆம் ஆண்டு ஆகஸ்ட் 12ஆம் தேதி பேராக் மாநிலத்தின் துரோங் வட்டாரத்தில் பிறந்தார். ஒன்பது பிள்ளைகளில் மூத்தவர். தந்தை மீன்வளத் துறையில் பணியாற்றிய அரசாங்க அதிகாரி. தைப்பிங்கில் தொடங்கிய ஆங்கிலக் கல்வி, தந்தையின் பணியிட மாற்றத்தால் 1923இல் சிங்கப்பூருக்கு இடம்பெயர்ந்தது. விக்டோரியா பிரிட்ஜ் பள்ளியிலும் பின்னர் ராஃபிள்ஸ் கல்வி நிலையத்திலும் படித்தார். படிப்போடு ஹாக்கி, நீச்சல், குத்துச்சண்டை, பளுதூக்குதல் எனப் பல விளையாட்டுகளிலும் ஈடுபட்டார். 1933இல் பளுதூக்கும் போட்டியில் இலகு எடைப் பிரிவின் வெற்றியாளரானார்.

காவல்துறையில் சேரச் சென்றவர், அந்தப் பயிற்சியைப் பாதியில் விட்டுத் திரும்பினார். நண்பர்களோடு சேர்ந்து விளையாட்டு இதழ் ஒன்றை வெளியிட்டார். 1932இல் ‘வார்த்தா மலாயா’ செய்தித்தாளில் சேர்ந்தார். செய்தித்தாள் வேலையின் நுணுக்கங்களை அங்குதான் கற்றுக்கொண்டார்.

மலாய்க்காரர்களே சொந்தமாக நடத்தும் செய்தித்தாள் வேண்டும் என்ற எண்ணம் அவருக்கும் சக பத்திரிகையாளர்கள் சிலருக்கும் இருந்தது. பெரும் செல்வந்தர் எவரும் முதல் போடவில்லை. வாடகை வண்டி ஓட்டுநர்கள், சிறு வியாபாரிகள், விவசாயிகள் எனச் சாமானியர்கள் வாங்கிய பங்குகளைக் கொண்டுதான் நிறுவனம் உருவானது. ஜாவி எழுத்தில் அச்சான ‘உத்துசான் மெலாயு’ நாளிதழின் முதல் இதழ் 1939 மே 29ஆம் தேதி வெளிவந்தது. நிர்வாக இயக்குநர் பொறுப்பைத் திரு யூசோஃப் ஏற்றார்.

ஜப்பானியர் காலத்தில் நாளிதழ் நின்றுபோனது. அவர் தைப்பிங் சென்று சிறிய மளிகைக் கடை நடத்திப் பிழைத்தார். போர் முடிந்ததும் மீண்டும் அச்சகத்திற்குத் திரும்பினார். 1951இல் அவருடைய நாளிதழின் ஆசிரியர்களில் ஒருவரான சமாட் இஸ்மாயில் தடுத்து வைக்கப்பட்டபோது, அவருக்காக வாதாட இளம் வழக்கறிஞர் ஒருவரை நாடினார் திரு யூசோஃப். அந்த வழக்கறிஞர்தான் திரு லீ குவான் இயூ. இருவருக்கும் இடையே ஏற்பட்ட அந்தப் பழக்கம் பின்னாளில் ஒரு நாட்டின் வரலாற்றோடு கலந்தது.

1950களின் பிற்பகுதியில் ‘உத்துசான் மெலாயு’ கோலாலம்பூருக்கு மாறியது. அங்கு அம்னோ கட்சியின் பிடி நாளிதழ்மீது இறுகியது. சாமானியர் காசில் பிறந்த ஏடு, ஒரு கட்சியின் குரலாக மாறுவதைத் திரு யூசோஃப் விரும்பவில்லை. தம் பங்குகளை விற்றுவிட்டு 1959இல் பதவி விலகினார். இருபது ஆண்டு உழைப்பைக் கைவிட்டுச் சிங்கப்பூருக்குத் திரும்பியபோது அவருக்கு வயது 48.

அதே ஆண்டு ஆட்சிக்கு வந்த திரு லீயின் அரசாங்கம் அவரைப் பொதுச் சேவை ஆணையத்தின் தலைவராக நியமித்தது. சில மாதங்களிலேயே நாட்டுத் தலைவர் பொறுப்பு அவரைத் தேடி வந்தது.

ஆளுநர்கள் வாழ்ந்த மாளிகை ‘இஸ்தானா’ எனப் பெயர் மாறியது. 1869இல் கட்டி முடிக்கப்பட்ட அந்த மாளிகை, இந்தியாவிலிருந்து கொண்டுவரப்பட்ட கைதிகளின் உழைப்பில் எழுந்தது. பொதுமக்கள் அதுவரை வேலிக்கு வெளியே நின்றுதான் அதைப் பார்த்திருந்தனர். திரு யூசோஃபின் காலத்தில் இஸ்தானா தோட்டம் மக்களுக்குத் திறந்துவிடப்பட்டது. குடும்பங்கள் பிள்ளைகளோடு உள்ளே வந்து நடந்தன.

அவரும் அந்தப் பெரிய மாளிகையில் குடியேறவில்லை. அதே வளாகத்தில் உள்ள ‘ஸ்ரீ மெலாத்தி’ என்ற பங்களாவில் மனைவி புவான் நூர் ஆயிஷாவுடனும் மூன்று பிள்ளைகளுடனும் வாழ்ந்தார். ஆர்க்கிட் மலர்கள் வளர்ப்பதில் அவருக்கு மிகுந்த ஈடுபாடு. மூத்த மகளுக்கே அந்த மலரின் பெயரைச் சூட்டியிருந்தார். பினாங்கைச் சேர்ந்த புவான் நூர் ஆயிஷாவுக்குக் கணவர் பதவியேற்றபோது வயது 26. வெளிநாட்டுத் தலைவர்களை வரவேற்க வேண்டிய பொறுப்பு வந்ததால் ஆங்கிலம் கற்றுக்கொண்டு, அந்தக் கடமையைத் திறம்படச் செய்தார்.

சோதனை 1964இல் வந்தது. ஜூலை 21ஆம் தேதி நபிகள் நாயகம் பிறந்தநாள் ஊர்வலத்தின்போது மூண்ட இனக் கலவரத்தில் 23 பேர் மாண்டனர். 450க்கும் மேற்பட்டோர் காயமடைந்தனர். செப்டம்பரில் மீண்டும் கலவரம் வெடித்து மேலும் 13 உயிர்களைப் பறித்தது. மலாய்க்காரரும் சீனரும் ஒருவரை ஒருவர் அஞ்சிய அந்த நாள்களில், நாட்டுத் தலைவரின் இனம் எல்லாருடைய கண்ணிலும் பட்டது. ஆட்சி அதிகாரம் எதுவும் அவர் கையில் இல்லை. அவரால் முடிந்ததெல்லாம் மக்களிடையே செல்வதும், அவர்கள் பேசுவதைக் கேட்பதும், எல்லாருக்கும் பொதுவானவராக நிற்பதும்தான். அதை அவர் செய்தார்.

1965 ஆகஸ்ட் 9ஆம் தேதி சிங்கப்பூர் மலேசியாவிலிருந்து பிரிந்தது. மக்களின் உணர்வுகள் அன்று ஒரே மாதிரி இல்லை. சைனாடவுனில் பட்டாசு வெடித்தது. தொலைக்காட்சியில் பிரதமர் கண்கலங்கினார். ஜோகூர் பாலத்திற்கு அப்பால் உறவினர்களை வைத்திருந்த மலாய், தமிழ், சீனக் குடும்பங்கள் இனி என்ன ஆகுமோ எனத் திகைத்தன. மலாய்ச் சமூகத்தினர் ஒரே நாளில் புதிய நாடொன்றின் சிறுபான்மையினர் ஆனார்கள்.

திரு யூசோஃபுக்கும் அது எளிய மாற்றம் அல்ல. அவர் பிறந்த பேராக்கும் மனைவி பிறந்த பினாங்கும் வேற்று நாடாகிவிட்டன. அந்த ஆண்டு டிசம்பர் 8ஆம் தேதி சுதந்திரச் சிங்கப்பூரின் முதல் நாடாளுமன்றத்தை அவர் தொடங்கி வைத்தார். டிசம்பர் 22இல் நிறைவேறிய அரசமைப்புத் திருத்தம், ஆகஸ்ட் 9ஆம் தேதியிலிருந்தே அவரை அதிபர் என அறிவித்தது. ஆக, குடியரசின் முதல் அதிபர் உருவானது ஒரு சட்டத் திருத்தத்தால். 1959இல் கண்டதுபோன்ற பாடாங் கூட்டம் அதற்கு இல்லை. கொண்டாட்டத்தைவிட வேலையையும் பாதுகாப்பையும் பற்றிய கவலையே அப்போது மக்கள் மனத்தை நிறைத்திருந்தது.

ஆனால் அந்த ஆறு ஆண்டுகளில் அவர் மக்களுக்குப் பழகிய முகமாகியிருந்தார். பள்ளிகளுக்கும் சமூக நிகழ்ச்சிகளுக்கும் சென்றார். சிங்கப்பூர்ப் பல்கலைக்கழகத்தின் வேந்தராகப் பட்டதாரிகளைச் சந்தித்தார். பல இனத்தவரும் சமமாக வாழும் நாடு என்ற கொள்கை வெறும் பேச்சாக இருந்துவிடக் கூடாது என்பதில் உறுதியாக இருந்தார். பெரும்பான்மை இனத்தைச் சேராத ஒருவர் நாட்டின் உச்சப் பதவியில் இருந்ததே, தமிழர் உள்ளிட்ட மற்ற சிறுபான்மையினருக்கும் ஓர் உறுதிமொழிபோல் அமைந்தது.

1960களின் இறுதியில் இதயநோய் அவரை வாட்டியது. சிகிச்சைக்காக மெல்பர்ன் சென்று வந்தார். அவரால் இயலாதபோது புவான் நூர் ஆயிஷா பல நிகழ்ச்சிகளில் அவருக்குப் பதிலாகக் கலந்துகொண்டார். மூன்றாவது தவணைக் காலத்தில், 1970 நவம்பர் 23ஆம் தேதி, பதவியில் இருக்கும்போதே அவர் காலமானார். வயது 60. அரசு மரியாதையுடன் அவர் உடல் கிராஞ்சியில் நல்லடக்கம் செய்யப்பட்டது. சாலையோரங்களில் காத்துநின்று வழியனுப்பியவர்கள், பதினோர் ஆண்டுகளாக அறிந்த ஒரு மனிதருக்காக வந்திருந்தனர்.

1971 ஜனவரி 2ஆம் தேதி யுரேசியரான டாக்டர் பெஞ்சமின் ஷியர்ஸ் அதிபரானார். அடுத்த பத்தாண்டில் இந்தியரான திரு தேவன் நாயர் அப்பதவிக்கு வந்தார். இஸ்தானாவில் மீண்டும் ஒரு மலாய்க்காரர் அதிபராக நுழைய 47 ஆண்டுகள் ஆயின. 2017இல் திருவாட்டி ஹலிமா யாக்கோப் பதவியேற்றார். அதே ஆண்டு உட்லண்ட்சில் யூசோஃப் இஷாக் பள்ளிவாசலும் திறக்கப்பட்டது.

1999 முதல் வெளியான சிங்கப்பூர் நோட்டுகள் அனைத்திலும் அவருடைய படம் இடம்பெற்றுள்ளது. தேக்காவில் காய்கறி வாங்குபவரும் சைனாடவுனில் பூ விற்பவரும் கேலாங் சிராயில் துணி எடுப்பவரும் ஒரே முகத்தைத்தான் கை மாற்றிக்கொள்கிறார்கள். அவர் தொடங்கிய நாளிதழுக்கு முதல் கொடுத்தவர்களும் இவர்களைப் போன்ற சாமானியர்கள்தான்.